தொடாத சுவிட்ச்

"கரண்ட் பில் எகிறினதுக்கு ஹீட்டர்தான் காரணம். அந்தச் சுவிட்சை நான் ஒருநாளும் தொட்டதில்ல. தொட்டவன் கட்டட்டும்" என்றார் ராத்திரி வேலை பார்க்கும் வாட்ச்மேன்.

ஒரே அறையில் தங்கியிருந்த மூவரில் இளையவனான பேக்கரிக்காரன், "நான்தாண்ணே போடறேன். கட்டிடறேன்" என்றான். மூன்றாமவரான தையல்காரர் ஊசியில் நூல் கோத்தபடி சிரித்துக்கொண்டார்.

மறுநாள் பேக்கரிக்கு விடுமுறை, அவன் தூங்கிக்கொண்டிருந்தான். காலையில் வேலை முடிந்து குளிக்கப் போன வாட்ச்மேன், ஒரு சொம்பு ஊற்றியதுமே நடுங்கியபடி வெளியே வந்தார்.

"என்னப்பா, தண்ணி பனிக்கட்டியா இருக்கு? தினமும் வெதுவெதுன்னுதானே வரும்?"

"தானா வருமாண்ணே? கிளம்பறப்ப உங்களுக்காகத் தம்பிதான் ஹீட்டரைப் போட்டுட்டுப் போவான்" என்றார் தையல்காரர்.

"அப்ப அவன் குளிக்கிறது?"

"பச்சைத் தண்ணியிலதான்."

துண்டோடு நின்ற வாட்ச்மேன் முதல் தடவையாக அந்தச் சுவிட்சைப் போட்டார்.

"அவன் எந்திரிச்சதும் முதல்ல குளிக்கச் சொல்லு. நான் அப்புறம் குளிக்கறேன்."