தானாக நிற்கும் மெஷின்

"காயலாங்கடைக்காரன் தெருமுனையில நிக்கறான். கூப்பிடட்டுமா?" என்று சமையலறையிலிருந்து டெய்சி கேட்டாள்.

"கூப்பிடு. முதல்ல உன் கிரைண்டரைத் தூக்கிக் குடுத்துடறேன்," என்றார் சைமன்ராஜ். தலை மேஜைக்கு அடியில், கால்கள் வெளியில். குரல் மட்டும் கம்பீரமாக வந்தது.

பாகம் பாகமாக வாங்கி அவர் தன் கையாலேயே சேர்த்த கம்ப்யூட்டர், இன்று காலை மறுபடியும் மக்கர் செய்தது. பட்டனை அமுக்கினால் உள்ளே விசிறி சுற்றுகிறது. திரை மட்டும் கறுப்பு. போன வாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்தது. அதற்கு முந்தைய வாரம் கீச்கீச்சென்று கத்திவிட்டு எழுந்திருக்கவே மறுத்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் விஜயராஜ் போன் ஸ்பீக்கரில் இருந்தான். "விட்டுடுங்கப்பா. நல்ல லேப்டாப்பா ஒண்ணு அனுப்பி வைக்கறேன்."

"தெர்மல்ல ஒரு யூனிட்டையே ஓட்டினவன்டா நான். ஒரு தகர டப்பாகிட்ட தோத்துட்டேன்னு சொல்லச் சொல்றியா?"

"பண்ருட்டில நல்ல கடை ஒண்ணு இருக்குதாம். அங்கயாவது குடுத்துப் பாருங்க."

"நான் கட்டினது. நின்னா நான்தான் ஓட வைப்பேன். நான் இருக்கறவரைக்கும் இது கடைக்கும் போவாது, காயலானுக்கும் போவாது."

"அப்படி என்னதான்பா ஆவுது அதுக்கு, வாராவாரம்?"

"ட்ரிப் ஆவுதுன்னா ரெண்டே வகைதான். மெஷின் தானா நின்னுருக்கணும், இல்ல, ஒருத்தன் கையால நிறுத்திருக்கணும். ரெண்டாவதுக்கு இங்க வழியே கிடையாது. டேக் தொங்குது."

டேக் என்பது ஒரு சிவப்பு அட்டை. 'வேலை நடக்கிறது, தொடாதே' என்று எழுதியிருக்கும். அவர் வேலை பார்த்த அனல் மின் நிலையத்தில் அது தொங்கும் மெஷினைப் பெரிய அதிகாரிகூடத் தொட மாட்டார். சைமன்ராஜ் வெளியே கிளம்பும்போதெல்லாம் அப்படி ஓர் அட்டையைக் கம்ப்யூட்டரின் கழுத்தில் மாட்டிவிட்டுத்தான் செருப்பைத் தேடுவார்.

அவர் ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸ், டீச்சர் வேலையில் இருக்கும் டெய்சியின் பெயருக்கு மாறியது. அவர் பெயரளவில் வீட்டுக்காரர் ஆனார். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ்ஸின் சத்தம் கேட்டு எழுந்து நிற்பார். போக இடமில்லை என்பது ஞாபகம் வந்ததும் மறுபடி உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார். மதியம் வரை அதே சுவர்.

கம்ப்யூட்டர் கட்டத் தொடங்கிய பிறகுதான் மனிதர் காலையில் முகச்சவரம் செய்து, சட்டையை இன் பண்ணிக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரோடு பக்கத்து அறைக்கு டூட்டிக்குப் போனார்.

"டெய்சி, டார்ச்சைப் பிடி."

"அந்தச் சனியனை நான் தொட மாட்டேன்."

"தொடாம பிடி."

அவள் தள்ளி நின்று டார்ச் அடித்தாள். சைமன்ராஜ் ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பவர் வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். வெளிச்சம் ஒரு மூலையிலேயே நின்றது. "இந்தப் பக்கம் காட்டுன்னா அந்தப் பக்கம் காட்டறியே," என்று திட்டிவிட்டு அந்தப் பக்கம் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"இதப் பாரு. பிராசஸருக்குப் போற பிளக்கு பாதி வெளிய வந்துகினு இருக்குது."

"அது எப்படிங்க தானா வரும்?"

"எல்லாம் உன் கிரைண்டரால வந்தது. பக்கத்துச் சுவத்துலயே போட்டு ஓட்டுறியே, அந்த அதிர்வு போதாதா?"

"ஆமா, இந்த வூட்ல எது நின்னாலும் நான்தான் காரணம்."

போனில் விஜயராஜுக்குத் திடீரென்று இருமல் வந்தது. "வேற கால் வருதுப்பா," என்று வைத்துவிட்டான்.

சைமன்ராஜ் பிளக்கை அழுத்தினார். 'க்ளிக்' என்றது. பட்டனைத் தொட்டார். ஒரு சின்ன பீப். திரையில் வெளிச்சம் வந்தது. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, யூனிட் ஓடத் தொடங்கியதும் கண்ட்ரோல் ரூமில் அறிவிக்கிற அதே குரலில் சொன்னார்.

"யூனிட் லைன்ல வந்துடுச்சு. உன் பையனுக்குச் சொல்லு. லேப்டாப்பை அவனே வெச்சிக்கட்டும்."

"ஓடினா சரி," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள் டெய்சி.

வெற்றி கொஞ்ச நேரம் நீடித்தது. கம்ப்யூட்டரில் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று சைமன்ராஜ் யோசித்தார். வானிலை பார்த்தார். மேகமூட்டம் என்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தாலும் மேகமூட்டம்தான். கம்ப்யூட்டரை நிறுத்தினார்.

வெளியே செகண்ட் ஷிஃப்ட் பஸ் போனது. அவர் எழுந்து நின்றார். பிறகு மெல்ல உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்.

சமையலறை வாசலில் நின்று டெய்சி அதைப் பார்த்தாள். "என்னங்க, சும்மாதானே உக்காந்துகினு இருக்கீங்க. போயி மீன் வாங்கிகினு வாங்க. பொறுமையா பாத்து வாங்குங்க."

அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும் டெய்சி கையைத் துடைத்துக்கொண்டு மகனுக்குப் போன் போட்டாள்.

"கண்டுபிடிச்சிட்டாருடா. அடுத்தது எதைக் கழட்டட்டும்?"