எக்ஸ்ட்ரோவர்ட் என்றால்...

"எக்ஸ்ட்ரோவர்ட்ங்கிற வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு, தெரியுமா சார்?"

கோர்ட்டில் எதிராளியை வாயடைக்க வைக்கும் வக்கீல், பதில் சொல்லாமல் வலது கன்னத்தில் விரல் வைத்தார்.

"லத்தீன் சார்! வெளிப்பக்கம் திரும்பினவன்னு அர்த்தம். கலகலன்னு பேசிப் பழகறவங்களை அப்படிச் சொல்றாங்க. உதாரணத்துக்கு, நான்!"

வக்கீல் அதே கன்னத்தைப் படபடவென்று தட்டினார்.

"நீங்க நேர்மாறு. கன்னத்துல விரலை வெச்சு யோசிச்சுக்கிட்டே இருக்கீங்க. மனசுல இருக்கிறதை வாய்விட்டுச் சொல்லிடணும் சார்!"

வக்கீலின் கண்களில் நீர் முட்டியது.

"பார்த்தீங்களா, கண் கலங்கிட்டீங்க!" என்று பூரித்துப்போன பல் டாக்டர், இடது பக்கத்திலிருந்து பிடுங்கிய பல்லைத் தட்டில் போட்டார். வக்கீலின் வாயைப் பிளந்து வைத்திருந்த கருவியையும் எடுத்தார். "இப்ப தாராளமாப் பேசுங்க."

"வலிச்ச பல்லு வலது பக்கம்யா!"