மான்கறிப் பையில் ஒரு நாடகம்

"கறியெல்லாம் எதுக்கும்மா? நான் சைவத்துக்கு மாறி ரெண்டு வருஷமாச்சு" என்றார் ஆஸ்கோ.

மேசை மேல் அந்தப் பெண்மணி வைத்த பை பனி பூத்துக் கிடந்தது. 'மான்கறி, தோள்பட்டை, அக்டோபர்' என்று பேனாவால் எழுதி ஒட்டியிருந்தது.

"கறி இல்லைங்க. பிரிச்சுப் பாருங்க" என்றாள் அவள். பெயர் மீர்யா. அறுபது கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

பிரித்தார். உள்ளே கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க் ஒன்று, விறைத்துப் போய். ஆஸ்கோவுக்குச் சுர்ரென்று ஏறியது.

குவோப்பியோ நகரத்தில் செத்த டிஸ்க்குக்கு உயிர் கொடுப்பவர் அவர் ஒருவர்தான். மற்ற ஊர்களில் இதே தொழில் செய்பவர்களிடம் எப்போதாவது ஒன்று இப்படி உறைந்து வரும். இவரிடம் மட்டும் மாதம் தவறாமல் வருகிறது.

"ஃப்ரீசர்ல வெச்சீங்களா?"

"மூணு தடவை."

"மூணு தடவையா! ஏம்மா, இதென்ன மீனா, கெட்டுப் போகாம இருக்க?"

"குளிர வெச்சு எடுத்தா கொஞ்ச நேரம் ஓடும், அதுக்குள்ள காப்பி எடுத்துக்கலாம்னு படிச்சேன். முதல் தடவை டிக் டிக்குன்னு சத்தம் மட்டும்தான் வந்துச்சு. குளிர் போதலை போலன்னு திரும்ப வெச்சேன்."

ஆஸ்கோ கண்ணை மூடிப் பத்து வரை எண்ணினார். பிறகு, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"எங்க ஊர்க் கோடை நாடகம். மூணு குளிர்காலம் உக்காந்து எழுதினேன். போன வாரம்தான் கடைசி வரி முடிஞ்சுது. முப்பத்து நாலு பேர் நடிக்கிறாங்க, பாதிரியார்கூட உண்டு. திங்கட்கிழமை ஒத்திகை. வேற பிரதி இல்லை." சொல்லிக்கொண்டே சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். "அந்த மீசைக்காரர் யாரு?"

அந்தக் கோபத்திலும் ஆஸ்கோவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நான்தான். அப்போ நம்ம பேப்பர்ல வியாழக்கிழமை தோறும் 'கணினி மூலை' எழுதினேன். பதினோரு வருஷம்! வீட்டுக்கு வீடு கத்தரிச்சு வெச்சிருந்தாங்க."

"நாடகம் கிடைச்சிருமா?"

"நாளைக்கு வாங்க. முதல்ல இது காயணும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. அதே ரகத்தில் இன்னொரு டிஸ்க்கைப் பலி கொடுத்து, அதன் தட்டைப் படிக்கும் முள்ளைக் கழற்றி இதில் பொருத்தியிருந்தார் ஆஸ்கோ. திரையில் பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. பக்கத்தில் மீர்யா மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

முதல் அங்கம் வந்தது. அரை மணி கழித்து இரண்டாம் அங்கமும் வந்தது. அப்புறம் கோடு நின்றது.

நிறுத்தி, மறுபடி ஓட்டினார். நின்றது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தார், பின்பக்கமிருந்து படிக்க வைத்துப் பார்த்தார், வாயில் வந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் சொல்லிப் பார்த்தார். ஐந்தாவது முயற்சியில் டிஸ்க் கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டது. அதோடு சரி.

"போச்சு" என்றார். "நாலு அங்கத்துல ரெண்டுதான்."

"மூணாவதுலதானே கல்யாணமே நடக்குது..." மீர்யாவின் குரல் உடைந்தது. "கிளைமாக்ஸ் நாலாவதுல. அவங்கள்லாம் எனக்காக லீவு போட்டிருக்காங்க. நான் போய் என்ன சொல்லுவேன்?"

அவள் அழுவதை ஆஸ்கோவால் பார்க்க முடியவில்லை. பரிதாபம் பொங்கியது, பொங்கிய வேகத்திலேயே கோபமாக மாறியது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அப்படியே கொண்டு வந்திருந்தீங்கன்னா நாலு அங்கமும் ஒரே நாள்ல கிடைச்சிருக்கும்மா! முள்ளுலதான் சின்னக் கோளாறு. ஃப்ரீசர்லேருந்து எடுத்ததும் உள்ளே தண்ணி கோத்துக்கிச்சு. அது மேலேயே முள்ளு ஓடித் தட்டு பூராக் கீறல். உங்களைச் சொல்லிக் குத்தமில்லை. இந்த யோசனையைக் கொடுத்தான் பாருங்க, அவனைச் சொல்லணும்! யாரு அந்த மடையன்?"

மீர்யா கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா! அவன் மட்டும் என் கையில கிடைச்சா, இதே நாற்காலியில உக்கார வெச்சு, அழிஞ்சு போன ரெண்டு அங்கத்தையும் அவன் கையாலேயே எழுத வைப்பேன். முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்க விடமாட்டேன்!"

மீர்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையைத் திறந்தாள். பழுப்பேறிய பேப்பர் துண்டு ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தாள். பல வருஷம் ஃப்ரீசர் கதவில் அதைப் பிடித்துக்கொண்டிருந்த காந்தத்தின் வட்டத் தடம் நடுவில் பதிந்திருந்தது.

'டிஸ்க் மக்கர் செய்கிறதா? கவலை வேண்டாம், ஃப்ரீசரில் வையுங்கள்!' என்றது தலைப்பு. அதன் கீழே அடர்ந்த மீசையோடு ஆஸ்கோ சிரித்துக்கொண்டிருந்தார்.

மீர்யா நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"திங்கட்கிழமைக்குள்ள முடிச்சிருவீங்களா?"