தலைகீழாக ஒட்டிய அட்டை

ரப்பர் அக்கா புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டுதான் அழிப்பாள்.

நேராகப் பிடித்தால் கண் படிக்கப் போய்விடும். படிக்க உட்கார்ந்தால் வேலை எங்கே ஓடும்?

பிள்ளைகளுக்கு இயற்கையைச் சொல்லிக்கொடுக்கும் அந்த அமைப்புக்கு யார் புத்தகம் கொடுத்தாலும் முதலில் அவள் மேசைக்குத்தான் வரும். பறவை, பூச்சி, மரம், குளம். பென்சில் கிறுக்கல் மொத்தத்தையும் அழித்துத் துடைத்த பிறகுதான் பள்ளிக்கூடங்களுக்குப் போகும். பதினாலு வருஷமாக இதே பிழைப்பு. ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கென்று ஒட்டிக்கொண்டிருப்பது இந்தப் பட்டப்பெயர் ஒன்றுதான்.

வீட்டில் போன் அடித்தால் ஏதாவது கம்பெனிக்காரன்தான். அவளுக்கு வேறு கீச்சுக் குரல். “வீட்ல பெரியவங்க இருக்காங்களா பாப்பா?” என்பான்.

பெரியவர்களும் இல்லை, சின்னவர்களும் இல்லை, வையடா போனை என்று நாக்கு நுனி வரை வரும். சொல்லமாட்டாள். பேச ஒரு ஆள் கிடைத்தானே என்று, வாங்கப்போகாத சிம் கார்டைப் பற்றி அரைமணி விசாரிப்பாள்.

மாதம் தவறாமல் ஒரு பை பறவைப் புத்தகத்தோடு வருவார் அந்த ரிட்டயர்டு தபால்காரர். பழைய புத்தகக் கடைகளில் சலித்து எடுப்பாராம். பையை வைத்துவிட்டு உடனே போகவும் மாட்டார்.

பிள்ளைகள் படிக்கிறார்களா என்று கேட்பார். தூசிக்காக மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருக்கும் ரப்பர் அக்கா, தலையை மட்டும் ஆட்டுவாள்.

அப்புறம் பக்கத்து மேசைக்காரரிடம், தன் நம்பருக்கு ஒருதரம் அடித்துப் பார்க்கச் சொல்வார். போன் ரிப்பேரோ என்று சந்தேகமாம். அடித்தால் கணீரென்று அடிக்கும். அசடு வழியச் சிரித்துவிட்டுப் போவார்.

பெருசுக்கு மரை கழண்டுவிட்டது என்று ஆபீஸே சிரிக்கும். அவளும்தான் சிரித்தாள்.

இந்த மாதப் பையில் ஒரு புத்தகத்துக்கு, பைண்டிங் செய்த மகராசன் அட்டையைத் தலைகீழாக ஒட்டித் தொலைத்திருந்தான். அவள் வழக்கம்போல அட்டையைப் பார்த்துத் தலைகீழாகப் பிடித்தாள். கடைசிப் பக்கத்துப் பென்சில் எழுத்து நேராக வந்து நின்றது.

‘இதில் உள்ள பறவை எதைப் பார்த்தாலும் இந்தத் தாத்தாவைக் கூப்பிட்டுச் சொல்லவும். எந்நேரமும் எடுப்பேன்.’

கீழே போன் நம்பர்.

அவர் கொடுத்த ஒவ்வொரு புத்தகத்திலும் கடைசிப் பக்கத்தில் நாலு வரி அழித்தது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கைக்கு ஞாபகம் இருந்தது.

ஆயுசு பூரா ஊருக்குக் கடுதாசி கொண்டுபோய்க் கொடுத்த மனுஷன். அடிப்பாவி, அவர் போனுக்கு ரிப்பேர் நீதானேடி!

துணியை இறக்கிவிட்டு, தன் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் அந்த நம்பரை அடித்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். ‘ஐயா’ என்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“பாப்பா! என்ன பறவை கண்ணு பார்த்தே?”

அந்தக் குரலில் அத்தனை சந்தோஷம். வெளியே பார்த்தாள். எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

காக்கா என்றாள்.

“சபாஷ்! ஆனா காக்கா தனியா இருக்காதும்மா. பக்கத்துலயே இன்னொண்ணு இருக்கும், நல்லாப் பாரு.”

அவள் நல்லாவே பார்த்தாள். தொட்டியின் பின்னால், கம்பியில், கைப்பிடிச் சுவரில் எல்லாம் தேடினாள்.

“இருக்கு தாத்தா,” என்றாள்.