நம்ம ஊர்ப் பிள்ளை

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" பேனாவை மேஜைமேல் போட்டார் தலைமை வழக்கறிஞர் ஹெதர்.

எசினாமுக்குப் பகீரென்றது. இந்த நிமிடம் வரை நேர்காணல் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மான்செஸ்டரில் பேர்போன வழக்கறிஞர் அலுவலகம். பயிற்சி வழக்கறிஞர் இடம் ஒன்றே ஒன்று. எழுத்துத் தேர்வில் அவள்தான் முதல்.

"எதை மேடம்?"

"விசாவைத்தான். உன்னை எடுத்தா நாங்கதான் விசாவுக்கும் பொறுப்பேற்கணும்னு ஏன் எழுதலை?"

"பேரு, ஊரு, நாடு எதையும் எழுதக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் போட்டிருந்தீங்க?"

போட்டிருந்தார்கள்தான். பாரபட்சம் தலைகாட்டிவிடக் கூடாதென்று விடைத்தாளில் வெறும் எண் மட்டும். அந்தப் பெருந்தன்மைக்காக வாங்கிய விருது வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னிக்கொண்டிருக்கிறது.

பக்கத்தில் இருந்த பங்குதாரர் க்ளைவ் தொண்டையைக் கனைத்தார். "வெளிநாட்டுக்காரங்களை வேலைக்கு வெக்க லைசென்ஸ் எடுக்கறது ஒண்ணும் மலையைப் புரட்டற வேலை இல்லையே ஹெதர். நம்ம கட்சிக்காரங்க எத்தனை பேருக்கு நாமே எடுத்துக் கொடுத்திருக்கோம்!"

"நீங்க சும்மா இருங்க க்ளைவ்."

எசினாம் கானாவிலிருந்து வந்து, இங்கேயே சட்டம் படித்து, முதல் வகுப்பில் தேறியவள். கோடை முடிந்தால் இருக்கிற விசாவும் முடிந்துவிடும். இந்த இடம் கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். படிக்க வா வா என்று கூப்பிட்டுக் கட்டணத்தைக் கறந்த ஊர், வேலை என்றதும் வாசலைக் காட்டுகிறது!

"செலவைப் பத்திக் கவலையில்லம்மா," ஹெதர் குரலில் தேன் தடவிக்கொண்டார். "விசுவாசம்தான் முக்கியம். ரெண்டு வருஷம் உக்கார வெச்சுத் தொழிலைச் சொல்லித் தருவோம். கத்துக்கிட்டதும் நீங்கள்லாம் பறந்துடுவீங்க. எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!"

"இதுவரைக்கும் வெளிநாட்டுக்காரங்க எத்தனை பேரைப் பயிற்சிக்கு எடுத்திருக்கீங்க மேடம்?"

"ஒருத்தரையும் எடுத்ததில்லை," என்றார் க்ளைவ், தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே.

ஹெதர் அவரை முறைத்தார்.

"அதனாலதான் ஆபீஸ் நல்லா இருக்கு! நம்ம ஊர்ப் பிள்ளைன்னா ஒட்டிக்கிட்டு இருக்கும். இதோ, என் பையன் ஜாஸ்பர். இதே ஆபீஸ்லதான் பயிற்சி எடுத்தான். தங்கமான பிள்ளை. அவனை மாதிரி ஒருத்தர்தான் எங்களுக்கு வேணும்."

மேஜைமேல் இருந்த படத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பளீரென்ற வெயிலில், கடற்கரையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான் பையன். அப்படியொரு வெயிலை மான்செஸ்டரில் எசினாம் பார்த்ததே இல்லை.

இனி பேசிப் பயனில்லை என்று புரிந்துவிட்டது. எழுந்துகொண்டாள். இவ்வளவு படித்தவர்கள், இவ்வளவு வாய் கூசாமல் பேசுகிறார்களே! இருந்தாலும் மரியாதையை விடவில்லை.

"போறதுக்கு முன்னாடி உங்க பையனை ஒரு தடவை பார்த்துட்டுப் போகலாமா மேடம்? எப்படி இருந்தா இங்க இடம் கிடைக்கும்னு கேட்டுத் தெரிஞ்சுக்கறேன். எந்த மாடியில இருக்கார்?"

ஹெதர் தண்ணீர்க் குவளையைத் தேடினார். க்ளைவ் முந்திக்கொண்டார்.

"மாடியா? அவன் சிட்னியில இல்ல இருக்கான்! பயிற்சி முடிஞ்ச கையோட அங்க ஒரு ஆபீஸ்ல விசா எடுத்துக் கொடுத்து அள்ளிட்டுப் போயிட்டாங்களே!"

ஹெதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன், போனா என்ன தப்பு? என் பிள்ளை கெட்டிக்காரன். அவங்க திறமையைத்தான் பார்த்தாங்க. எந்த ஊர்ப் பிள்ளைன்னு பார்த்தாங்களா?"