ஷெல் விழாத இரவுகள்

"இண்டைக்கு ராவைக்காவது ஷெல் விழுமோ, சேர்?"

புஸ்பராணி ஆவலோடு கேட்டதும், முற்றத்துக் கதிரையில் இருந்த சுகாதாரப் பரிசோதகர் ஆதம்பாவா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். போர் நடக்கும் ஊரில் இப்படியொரு ஆசையை அவர் கேள்விப்பட்டதில்லை.

"பாத்தீங்களே? ஒரு மாசமா இந்தக் கதைதான்," என்றார் அவளது கணவர் கனகசுந்தரம். "ராவில மூச்சு இழுக்குது. விடிய எழும்பினால் தலையிடி எண்டுறா. எல்லாம் அந்தப் பங்கரால வந்த வினை. நாளைக்கு மண் போட்டு மூடப்போறன்."

"ஐயோ, அதை மூடாதேங்கோ! பிறகு நான் செத்துப்போவன்," என்று புஸ்பராணி பதறினாள்.

கட்டைபறிச்சான் கிராமத்தில் அப்போது வீட்டுக்கொரு பங்கர், அதாவது பதுங்குகுழி, இருந்தது. ஆதம்பாவா கனகசுந்தரத்தின் குழிக்குள் இறங்கினார். ஒரு குழாய் தரையருகே காற்றைக் கொண்டுவந்தது. மற்றொன்று கூரையோரத்தால் அதை வெளியேற்றியது. அவருடைய வேர்வை உலர்ந்தது.

"அண்ணை, இந்தக் குழாயெல்லாம் ஆர் வைச்சது?"

"நான்தான். காற்றோட்டத்தைப் பற்றி நீங்கள் கூட்டத்தில சொன்னதை அப்படியே செய்தனான்."

"திறமாத்தான் செய்திருக்கிறீங்கள். தங்கச்சி, இதுக்குள்ளயும் மூச்சு இழுக்குதோ?"

"இல்லை சேர். இதுக்குள்ள படுத்தால் பச்சைப்பிள்ளை மாதிரி நித்திரை. ஆனா ஷெல் விழுந்தால்தானே இவர் இறங்க விடுறார்! மற்ற நாளில பாம்பு, பூச்சி எண்டு மறிக்கிறார்."

ஆதம்பாவா குழியிலிருந்து மேலே ஏறினார். பின்பு வீட்டுக்குள் நுழைந்தார். நுழைந்ததும் எதிலோ முட்டிக்கொண்டார். பட்டப்பகலில் கனகசுந்தரம் குப்பிவிளக்கைக் கொளுத்திப் பிடித்தார்.

"யன்னலைத் திறந்துவிடுங்கோவன் அண்ணை. மூச்சு முட்டுது."

"திறக்க ஏலாது சேர். உள்பக்கத்தால எல்லாத்துக்கும் கல்லு வைச்சுக் கட்டிப்போட்டன். மேலே கிடந்த காத்து ஓட்டையளையும் சீமெந்தால அடைச்சாச்சு. இனி ஒரு ஷெல் துண்டும் உள்ளுக்கு வராது."

"அப்ப, ஷெல் விழேக்க இதுக்குள்ளதான் இருப்பீங்களோ?"

கனகசுந்தரம் அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"இதுக்குள்ளயோ? என்ன கதை சேர் கதைக்கிறீங்கள்? அப்ப நாங்கள் பங்கருக்குள்ள எல்லோ போயிடுவம்!"