ரொட்டி வேகும் நேரம்

“உஷ்! மெதுவாப் பேசுங்க. அடுப்புல ரொட்டி இருக்கு.”

ஸ்டெஃபா உதட்டில் விரலை வைத்ததும், சமையலறையில் நின்ற பதினான்கு சுற்றுலாப் பயணிகளும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கறுப்பு ரொட்டி ருசிக்க நாடு விட்டு நாடு வந்தவர்கள். அவர்களில் ஒரு ஃபின்லாந்து அம்மாள் காலணிகளைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“ரொட்டி வேகுறப்ப கதவை அறையக் கூடாது, குரலை உசத்தக் கூடாது. முக்கியமா புருஷன் பொண்டாட்டி சண்டை போடவே கூடாது. போட்டா ரொட்டி வெடிச்சிரும்,” என்றாள் ஸ்டெஃபா. லிதுவேனியா முழுக்க அப்படித்தான் என்று வழிகாட்டிப் பெண் ஜிவிலே ரகசியக் குரலில் மொழிபெயர்த்தாள்.

தாடி வைத்த ஜெர்மானியர் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினார். “வாசனை ஒண்ணும் வரலையே?”

“கறுப்பு ரொட்டி அவசரப்படாதுங்க. உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்?” என்று சிரித்த ஸ்டெஃபா, ஆளுக்கொரு வசம்பு இலையைக் கையில் கொடுத்தாள். “ரொட்டிக்கு அடியில விரிக்கிற இலை. கசக்கி மோந்து பாருங்க.”

மூலையில் நின்றிருந்த அவள் கணவன் ஜிக்மாஸுக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது.

மூன்று நாள் முன்பு அவள் சந்தைக்குப் போயிருந்தபோது ஜிவிலேயின் போன் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் சுத்தம் பார்ப்பார்கள் என்றாள். உடனே ஜிக்மாஸ் ஓக் மரத்து மாவுத் தொட்டியைத் தூக்கிப்போய், சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்துவிட்டான்.

ஸ்டெஃபாவின் அம்மா கொடுத்த சீர் அது. முப்பத்திரண்டு வருஷமாக அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவியதில்லை, சுரண்டி வைப்பதோடு சரி. மாவைப் புளிக்க வைப்பதே அந்த மரத்தில் ஒட்டியிருக்கும் பழைய மாவுதான். இதெல்லாம் தொட்டியை வெயிலில் கவிழ்த்துக் காய வைத்த பிறகுதான் ஜிக்மாஸுக்கு ஞாபகம் வந்தது.

நேற்று சாயங்காலம் ஸ்டெஃபா அதே தொட்டியில் மாவு பிசைந்தாள். இன்று காலை அவன் பால் கறந்துவிட்டு வரும்போது அடுப்பின் கதவு மூடியிருந்தது. மாவு பொங்கியதா என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

இன்னும் ஒரு மணி நேரத்தில் அடுப்பைத் திறப்பாள். பதினான்கு பேர் முன்னால் கருங்கல் வெளியே வரும். இந்தச் சுற்றுலா பஸ் மறுபடி இந்தப் பக்கமே திரும்பாது. அப்புறம் அவன் கதி? சொல்வதானால் இப்போதே சொல்லிவிட வேண்டும். இப்போது அவளால் கத்த முடியாது.

மெல்ல அவள் பக்கத்தில் போய்க் காதோரம் குனிந்தான்.

“ஸ்டெஃபா கண்ணு...”

“என்னய்யா?”

“அந்த மாவுத் தொட்டிய நான் கழுவிட்டேன்.”

ஸ்டெஃபா விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தபடியே கேட்டாள். “எத வெச்சுக் கழுவுன?”

“சோப்பு வெச்சுதான்.”

“அப்படியா?”

அவ்வளவுதான். பாலாடைக்கட்டி நறுக்கிய கத்தி மட்டும் பலகையில் கொஞ்சம் பலமாக விழுந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஜிக்மாஸ் இவ்வளவு லேசாகத் தப்பித்ததே இல்லை. அவனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. இனி இப்படி ஒரு நேரம் எப்போது வாய்க்கும்?

“இன்னொண்ணு. போன வருஷம் உன் செவலைச் சேவல நரி தூக்கிட்டுப் போகல.”

“பின்ன?”

“நானும் என் கூட்டாளி பெத்ராஸும் ஏரிக்கரையில சூப் வெச்சுட்டோம்.”

“நல்லா இருந்துச்சா?”

“உப்பு கொஞ்சம் கம்மி. அப்புறம், உங்கம்மா வீட்டு விருந்துக்கு வராம முதுகுவலின்னு படுத்துக்கிட்டேனே...”

“ஆமா. மூணு நாள் தைலம் தேச்சு விட்டேன்.”

“முதுகுல ஒண்ணும் இல்ல. உங்கம்மா பாட ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்களேன்னுதான்...”

ஸ்டெஃபா ஒரு பாலாடைக்கட்டித் துண்டை எடுத்து அவன் வாயில் திணித்தாள். அதைப் பார்த்த ஃபின்லாந்து அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. “எவ்வளவு அன்னியோன்னியம் பாருங்க!” என்று உருகினாள்.

“அக்கா, அடுத்த மாசத்துலேருந்து எல்லா பஸ்ஸும் உங்க வீட்டுக்குத்தான்,” என்று ஸ்டெஃபாவின் காதில் சொன்னாள் ஜிவிலே. பிறகு எல்லோரையும் கறுப்பு ரொட்டிக்கான ரை தானியம் விளையும் வயலைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பதினான்கு பேரும் நுனிக்காலில் நடந்து போனார்கள். கடைசியாகப் போன ஜெர்மானியர் தூங்கும் குழந்தை விழித்துவிடுமோ என்பதுபோலக் கதவைச் சாத்தினார்.

அவர்கள் வயலுக்குள் இறங்கும்வரை ஸ்டெஃபா ஜன்னலில் நின்று கையசைத்தாள். அப்புறம் தாழ்ப்பாளைப் போட்டாள். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, ரொட்டி எடுக்கும் நீளமான மரத் துடுப்பைச் சுவரிலிருந்து உருவினாள்.

“வேணாம் ஸ்டெஃபா! சத்தம் போட்டா ரொட்டி வெடிச்சிரும்!” ஜிக்மாஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

“எந்த ரொட்டி? பிசைஞ்ச மாவு பொங்காம களிமண்ணாக் கிடந்துச்சு. என் கைதான் கெட்டுப்போச்சுன்னு காலையில அழுதுக்கிட்டே பன்னிக்குக் கொட்டிட்டு, பக்கத்து வீட்டு ஆல்பினாகிட்ட கெஞ்சி நாலு ரொட்டி வாங்கி ஒளிச்சு வெச்சிருக்கேன்.”

ஜிக்மாஸ் மிரண்டுபோய் அடுப்பைப் பார்த்தான்.

ஸ்டெஃபா துடுப்பை ஓங்கினாள். “அடுப்பு காலிய்யா!”